நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட ஆசியா

வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் தொலைக்காட்சி நிருபர்கள் மைக்கும் கையுமாகப் போய் நிற்கும் இடம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிற வானிலை மையம். அந்த வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. உயரம் 15 அடி, எடை சுமார் 10 டன். அதில் 1792-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு, லத்தீன், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் செதுக்கப்பட்டிருக்கிறது. மழை அளவைக் கேட்க வருகிற யாரும் அந்தத் தூணைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் இன்றைக்கு வானிலை சொல்லும் அந்த இடம் நூறு வருஷத்துக்கும் மேலாக வானத்தைப் பார்த்த இடம். மெட்ராஸ் ஆப்சர்வேட்டரி என்று பெயர். நட்சத்திரம் பார்க்கும் கருவி ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நட்ட தூண்தான் அது.

1861 ஏப்ரல் 17 அன்று இரவு, அந்த வளாகத்திலிருந்து நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு புதிய சிறுகோளை, அதாவது சூரியனைச் சுற்றிவரும் ஒரு சின்னக் கல்லை, கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அதனாலேயே அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். வானியல் பட்டியல்களில் இன்றைக்கும் 67 ஆசியா என்ற பெயரில் இருக்கிறது.

சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களிடம்கூட இதைச் சொன்னால் 'அப்படியா?' என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. அதனால் இந்தச் சின்னக் கல் எப்படி அகப்பட்டது, அதற்கு ஏன் இந்தப் பெயர், அது எந்த வழியில் சுற்றுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில், சிறுகோள் வேட்டை எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. 1801 ஜனவரி 1 அன்று, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் பியாட்சி என்ற பாதிரியார் அந்த இடைவெளியில் சீரிஸ் என்ற முதல் சிறுகோளைக் கண்டார். சில வாரங்கள் அதைப் பின்தொடர்ந்தார், பிறகு நோயில் விழுந்தார். அதற்குள் சீரிஸ் சூரியனின் பிரகாசத்துக்குள் போய் மறைந்துவிட்டது. திரும்பி வரும்போது எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. காஸ் என்ற இருபத்து நான்கு வயது கணித மேதை இருந்த கொஞ்சம் அளவீடுகளை வைத்தே பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே, அந்த வருஷக் கடைசியில் சீரிஸ் மறுபடி கிடைத்தது.

சிறுகோள் வேட்டையின் சாரம் முழுவதும் இந்த முதல் கதையிலேயே இருக்கிறது. பார்ப்பது பாதி வேலைதான். மறுபடி பார்க்க முடிந்தால்தான் அது கண்டுபிடிப்பு.

1807-க்குள் பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று இன்னும் மூன்று கிடைத்தன. அப்புறம் முப்பத்தெட்டு வருஷம் ஒன்றும் இல்லை. பிரஷியாவில் அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஹென்கே என்ற ஆர்வலர் பல வருஷம் விடாமல் தேடி, 1845-ல் ஐந்தாவதைப் பிடித்தார். அதன் பிறகு வேகம் கூடியது. காரணம், நல்ல நட்சத்திர வரைபடங்கள் கைக்கு வந்ததுதான். சிறுகோள் தொலைநோக்கியில் பார்க்கும்போது வட்டமாகத் தெரியாது. நட்சத்திரம் போலவே ஒரு புள்ளி. ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே இது புதுசு என்று சொல்ல வேண்டுமானால், அந்த ஆயிரமும் ஏற்கெனவே தாளில் குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். வானத்தில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்வார்கள். தொலைநோக்கியில் ஒரு கண், வரைபடத்தில் ஒரு கண். தாளில் இருப்பதெல்லாம் வானத்தில் இருக்கிறதா, வானத்தில் இருப்பதெல்லாம் தாளில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். தாளில் இல்லாத புள்ளி ஒன்று தட்டுப்பட்டால் உடனே குதிக்க முடியாது. வரைபடம் போட்டவர் விட்டிருக்கலாம், அல்லது ஒளி கூடிக் குறையும் மாறுபடு விண்மீனாக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களை வைத்து அதன் இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்தோ, மறுநாள் இரவோ மறுபடி அளந்தால், நட்சத்திரம் அங்கேயே இருக்கும், சிறுகோள் நகர்ந்திருக்கும்.

எவ்வளவு நகரும்? ஆசியா இருக்கும் தூரத்தில் உள்ள ஒரு சிறுகோள், சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நாட்களில், ஒரு நாளுக்குச் சுமார் கால் பாகை நகரும். முழுநிலாவின் அகலத்தில் பாதி. அதுவும் மேற்கு நோக்கி, அதாவது பின்னோக்கி. பஞ்சாங்கத்தில் குருவுக்கும் சனிக்கும் 'வக்ர கதி' என்று போட்டிருப்பார்களே, அதே இயக்கம். பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போகிறது, சிறுகோள் வெளிவட்டத்தில் மெதுவாகப் போகிறது. தாம்பரம் போகும் விரைவு ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் போகிற மின்சார ரயில் பின்னால் போவது போலத் தெரியும் அல்லவா, அதே கணக்குதான்.

போக்சன் மெட்ராஸுக்கு வந்தபோதே இந்த வேலையில் தேர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப் ஆப்சர்வேட்டரியில் உதவியாளராக இருந்த காலத்திலேயே 1856, 1857-ல் மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருந்தார்: இசிஸ், அரியட்னி, ஹெஸ்டியா. இவற்றில் இசிஸ் என்ற பெயரை வைத்தவர் அந்த ஆப்சர்வேட்டரியின் தலைவர் ஜான்சன். போக்சனின் மகள் எலிசபெத் இசிஸை மனதில் வைத்துச் சூட்டிய பெயர். அந்தச் சிறுமி பிறகு அப்பாவோடு மெட்ராஸுக்கு வந்து, வளர்ந்து, அதே ஆப்சர்வேட்டரியில் உதவியாளராக வேலை பார்த்தார். 1886-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெண் என்பதால் அப்போது நடக்கவில்லை. 1920-ல்தான் உறுப்பினரானார். முப்பத்து நான்கு வருஷக் காத்திருப்பு.

போக்சனைப் பற்றி இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியாது. சிறுகோள்கள் அவருக்குக் கொடுத்த பெரிய பரிசு அதுதான். பழைய கிரேக்கர் காலத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களைப் பிரகாசத்தின்படி ஆறு தரமாகப் பிரிப்பது வழக்கம். மிகப் பிரகாசமானவை முதல் தரம், மங்கலாகத் தெரிபவை ஆறாம் தரம். ஆனால் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. 1856-ல், 36 சிறுகோள்கள் வரப்போகும் ஆண்டின் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று ஒரு அட்டவணை போட உட்கார்ந்தார் போக்சன். சிறுகோள் நம்மை நெருங்கும்போது பிரகாசம் கூடும், விலகும்போது குறையும். அதைக் கணக்கிட ஒரு நிலையான விகிதம் வேண்டும். ஐந்து தரம் இறங்கினால் சரியாக நூறு மடங்கு மங்கல், அதாவது ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். மடக்கைக் கணக்குக்கும் வசதியாக இருந்தது. உலகம் முழுவதும் இன்றைக்குப் பயன்படுத்துவது இந்த அளவுகோலைத்தான். அதற்குப் போக்சன் விகிதம் என்றே பெயர். எந்த விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படமானாலும், அதில் இருக்கும் மங்கலான விண்மீன் கூட்டத்துக்குப் பிரகாச எண் போடுகிறவர், சிறுகோள் அட்டவணைக்காகப் பிறந்த இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

ஆசியாவுக்கே அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். மிக நெருங்கி வரும் காலங்களில்கூட அது சுமார் பத்தாம் தரத்தில்தான் இருக்கும். கண்ணால் பார்க்கக்கூடிய எல்லை ஆறாம் தரம். நான்கு தரம் வித்தியாசம், ஆகவே 2.512-ஐ நான்கு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 40. கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான நட்சத்திரத்தைவிட நாற்பது மடங்கு மங்கல். அதைத்தான் அவர் பிடித்தார்.

மெட்ராஸின் அரசு வானியலாளராகப் போக்சன் வந்து சேர்ந்தது 1861-ன் தொடக்கத்தில். ஆசியா அகப்பட்டது ஏப்ரலில். வந்து சில வாரங்களுக்குள் ஒரு மனிதர் புதிய ஊரில், புதிய வானத்தின் கீழ் இதைச் செய்திருக்கிறார். அப்போது அங்கே லெரெபூர், செக்ரட்டான் என்ற பாரிஸ் நிறுவனத்தார் செய்த, ஆறங்குல வில்லை கொண்ட ஒரு தொலைநோக்கி இருந்தது. 1850 வாக்கில் வாங்கியது. அந்தத் தொலைநோக்கி பிற்பாடு கொடைக்கானலுக்குப் போய், பழுது பார்க்கப்பட்டு, சூரியனைப் படம் பிடிக்கும் வேலைக்கு மாறியது. கொடைக்கானலின் புகழ்பெற்ற நூறாண்டுச் சூரியப் படத் தொகுப்பில் அதன் பங்கு பெரியது.

இங்கிலாந்திலிருந்து வந்த சிறுகோள் வேட்டைக்காரருக்கு மெட்ராஸ் ஒரு வரப்பிரசாதம் என்பது என் எண்ணம். கோள்களும் பெரும்பாலான சிறுகோள்களும் ராசி மண்டலத்தை ஒட்டித்தான் திரிகின்றன. மே மாத நள்ளிரவில் வானத்தில் உச்சத்துக்கு வரும் ராசிகள் துலாமும் விருச்சிகமும். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பார்த்தால் அந்தப் பகுதி தெற்குத் தொடுவானத்தை விட்டு இருபது பாகை அளவுக்குத்தான் எழும்பும். புகை, மூடுபனி, மரக்கிளை எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கும். போதாததற்கு மே, ஜூனில் அங்கே இரவே ரொம்பக் குட்டை. 13 பாகை வட அட்சத்தில் இருக்கும் மெட்ராஸில் அதே ராசிகள் ஐம்பத்தைந்து அறுபது பாகை உயரத்துக்கு வந்து நிற்கும். கோடையில் வானமும் திறந்திருக்கும். போக்சன் மெட்ராஸில் கண்டுபிடித்த ஐந்து சிறுகோள்களின் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 1861 ஏப்ரல் 17-ல் ஆசியா, 1864 மே 2-ல் சாஃபோ, 1866 மே 16-ல் சில்வியா, 1868 நவம்பர் 17-ல் கமில்லா, 1885 பிப்ரவரி 6-ல் வேரா. ஐந்தில் மூன்று சித்திரை, வைகாசியில் வந்திருக்கின்றன. கத்திரி வெயிலில் பகல் முழுக்க வெந்துவிட்டு, இரவில் தொலைநோக்கிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கமில்லா மட்டும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஏதோ ஒரு இரவு மேகம் விலகியபோது கிடைத்திருக்கிறது.

'உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆப்சர்வேட்டரியில் போக்சன் வருவதற்கு முன்பிருந்தே பணியில் இருந்த இந்திய உதவியாளர்களில் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. தெற்கு வானத்தில் உள்ள ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் பிரகாசம் மாறுவதை 1867-ல் கண்டறிந்தவர் அவர். மாறுபடு விண்மீனைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் என்று அறியப்படுகிறார். 1872-ல் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்து போன நிகழ்வை மக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளில் சிறு நூல் போட்டார். கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில், பஞ்சாங்கக் கணிதத்தையும் தொலைநோக்கியையும் ஒருசேரத் தெரிந்த ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

சரி, புள்ளி நகர்ந்தது, சிறுகோள்தான் என்று உறுதியாயிற்று. அடுத்து? செய்தியை ஐரோப்பாவுக்குச் சொல்ல வேண்டும். 1861-ல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தந்திக் கம்பி கிடையாது. சூயஸ் கால்வாயும் வெட்டி முடிக்கப்படவில்லை. கடிதம் கப்பலேறி, எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, மறுபடி கப்பலேறிப் போக வேண்டும். போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கோள் வானத்தில் பல பாகைகள் தள்ளிப் போயிருக்கும். ஆகவே கண்டுபிடித்த இடத்தை மட்டும் சொன்னால் போதாது. போகிற வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வழியைக் கணக்கிடுவது எப்படி என்பது கேட்பதற்கு மாயம் போல இருந்தாலும் அடிப்படை எளிமையானது. ஒரு நீள்வட்டப் பாதையை முழுசாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீள்வட்டமாக நசுங்கியிருக்கிறது, பூமியின் பாதைத் தளத்துக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அந்தத் தளத்துக்குள் நீள்வட்டம் எந்தத் திசையைப் பார்க்கிறது, குறிப்பிட்ட ஒரு நாளில் கோள் அதில் எங்கே இருந்தது. தொலைநோக்கியில் ஒருமுறை அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும், பூமியில் அட்சம் தீர்க்கம் போல வானத்தில் இரண்டு கோணங்கள். தூரம் தெரியாது. ஆக மூன்று இரவுகள் அளந்தால் ஆறு எண்கள். தெரியாதது ஆறு, தெரிந்தது ஆறு. நியூட்டனின் ஈர்ப்பு விதியை நடுவில் வைத்துக் கணக்கைத் தீர்க்கலாம். சீரிஸுக்குக் காஸ் செய்தது இதைத்தான். மூன்று இரவுகளும் அடுத்தடுத்து இருந்தால் கணக்கு தள்ளாடும். வாரங்கள் இடைவெளி விட்டு அளந்தால் பாதை இறுகும். அடுத்த வருஷமும் பார்த்துவிட்டால் பிறகு தப்பாது.

தப்பிப் போனவையும் உண்டு. வியன்னாவில் பலீசா என்ற வானியலாளர் 1911-ல் கண்ட 719 ஆல்பர்ட் என்ற சிறுகோள், பாதை இறுகுவதற்குள் தொலைந்துபோனது. மறுபடி கிடைத்தது 2000-ல். எண்பத்தொன்பது வருஷம் அது இருந்தது, ஆனால் எங்கே என்று தெரியாது. ஆசியாவுக்கு அந்தக் கதி நேரவில்லை.

இன்றைக்கு ஆசியாவின் பாதை நன்றாகவே தெரியும். சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரம் 2.42 வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை ஒன்று என்று வைத்தால் அதைப் போல 2.42 மடங்கு, அதாவது சுமார் 36 கோடி கிலோமீட்டர். சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிஷம் ஆகிறது, ஆசியாவுக்குப் போக இருபது நிமிஷம். அங்கே விழும் வெயில் நமக்குக் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்கு. பாதை வட்டமாக இல்லாததால் சூரியனை நெருங்கும்போது 1.97 அலகுக்கு வரும், விலகும்போது 2.87 வரை போகும். சாய்வு 6 பாகை. ஒரு முழுச் சுற்றுக்கு 3.77 ஆண்டு. போக்சன் பார்த்த அந்த இரவிலிருந்து இதுவரை நாற்பது சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது. சராசரி வேகம் நொடிக்கு 19 கிலோமீட்டர். நுங்கம்பாக்கத்தில் கிளம்பினால் ஒரே நொடியில் தாம்பரத்தை நெருங்கிவிடும் வேகம். அப்படியிருந்தும் நம் கண்ணுக்கு ஒரு நாளில் கால் பாகைதான் நகர்கிறது என்றால், இடையில் இருக்கும் தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

பூமி வேகமாக ஓடி ஆசியாவை முந்திச் செல்வது ஏறக்குறைய பதினாறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். அப்போதுதான் அது இரவு முழுக்க வானத்தில் இருக்கும், பார்ப்பதற்கு நல்ல காலம். ஆனால் எல்லா முறையும் ஒரே மாதிரி அமையாது. ஆசியா தன் பாதையில் சூரியனுக்குக் கிட்டே இருக்கும் காலத்தில் பூமி முந்தினால் பத்தாம் தரப் பிரகாசம் கிடைக்கும். தூரத்தில் இருக்கும்போது முந்தினால் பன்னிரண்டாம் தரத்துக்கு இறங்கிவிடும்.

இந்தப் பாதையில் இரண்டு அக்கம்பக்கத்தார் விஷயம் இருக்கிறது. செவ்வாய் சூரியனைச் சுற்ற 687 நாள். அதன் இரட்டிப்பு 1,374 நாள். ஆசியாவின் சுற்றும் கிட்டத்தட்ட அதே அளவு. செவ்வாய் இரண்டு சுற்று முடிக்கும்போது ஆசியா ஒரு சுற்று முடிக்கிறது. ஒத்திசைவு என்று இதைச் சொல்வார்கள். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் சின்னக் கையால்கூட உயரே கொண்டுபோக முடியும் இல்லையா? அதுபோல, செவ்வாய் பூமியில் பத்தில் ஒரு பங்கு எடைதான் என்றாலும், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப இழுப்பதால் அதன் ஈர்ப்புக்கும் அங்கே ஒரு செல்வாக்கு உண்டு.

இன்னொரு பக்கத்தில் 2.5 அலகுத் தூரத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அங்கே ஒரு கல் இருந்தால், வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது மூன்று சுற்று முடிக்கும். வியாழன் பெரிய ஆள். அதன் ஒழுங்கான இழுப்பு அந்தக் கல்லின் பாதையை மேலும் மேலும் நீட்டி, கடைசியில் அங்கிருந்து விரட்டிவிடும். 1866-ல், அதுவரை கண்டுபிடித்த சிறுகோள்களின் தூரங்களை வரிசைப்படுத்திப் பார்த்த டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்கர்தான் இந்த இடைவெளிகளைக் கவனித்துச் சொன்னார். அப்போது தெரிந்திருந்தவை சுமார் தொண்ணூறுதான். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் ஒவ்வொரு புதிய கோளுக்கும் மதிப்பு இருந்தது. ஆசியா 2.42-ல் இருக்கிறது, அந்த வெற்றிடத்தின் உள்விளிம்புக்குச் சற்று முன்னால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் திரிகிற பட்டையின் உட்பகுதியில்.

ஆள் எப்படி? குறுக்களவு ஐம்பத்தைந்து அறுபது கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போகிற தூரம், அவ்வளவுதான். மேற்பரப்பு பாறைக் கனிமங்கள் கொண்ட எஸ் வகை. விழுகிற வெளிச்சத்தில் கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. தன்னைத்தானே சுற்றிக்கொள்ள சுமார் பதினாறு மணி நேரம்.

இனி பெயர். 1861-ல் அது சாதாரண விஷயமாக இருக்கவில்லை. சிறுகோளுக்குக் கிரேக்க, ரோமானியத் தொன்மங்களிலிருந்து ஒரு பெண் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அதை மீறினால் சண்டை வரும். 1850-ல் ஹிண்ட் என்பவர் தன் கண்டுபிடிப்புக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தபோது, உயிரோடிருக்கும் ராணியின் பெயரா என்று அமெரிக்கர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரோமானிய வெற்றித் தேவதையின் பெயரும் அதுதான் என்று சொல்லித் தப்பித்தார். ஆசியா கிடைப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 1861-ல், மார்செய் நகரில் டெம்பல் என்ற வானியலாளர் இரண்டு சிறுகோள்களைக் கண்டார். அவற்றில் ஒன்றுக்கு ஆஞ்சலினா என்று பெயர் வந்தது, ஒரு பழைய ஆப்சர்வேட்டரி இருந்த இடத்தின் நினைவாக. தொன்மம் இல்லை என்று முணுமுணுப்பு. இன்னொன்றுக்கு பவேரிய மன்னர் மாக்சிமிலியன் நினைவாக மாக்சிமிலியானா என்று வைத்தார்கள். அதை ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள், கடைசியில் சிபெலி என்ற தேவதையின் பெயர் நிலைத்தது.

இந்தச் சூழலில் போக்சன் தேர்ந்தெடுத்த பெயரைப் பாருங்கள். ஆசியா என்பது கிரேக்கத் தொன்மத்தில் பெருங்கடல் தெய்வமான ஓசியானஸின் மகள். மரபுக்காரர்கள் வாயைத் திறக்க முடியாது. அதே சமயம், இது எங்கிருந்து பிடிபட்டது என்பதையும் அந்தப் பெயர் நிரந்தரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1858-லேயே யூரோப்பா என்று ஒரு சிறுகோள் இருந்தது, அதற்கு இணையாகவும் அமைந்தது. அதே ஏப்ரலில் மிலானில் ஸ்கியாபரெல்லி கண்டுபிடித்த 69-ஆவது சிறுகோளுக்கு ஹெஸ்பீரியா என்று பெயர். மேற்கு நாடு என்று பொருள், கிரேக்கர்கள் இத்தாலியைக் குறித்த சொல். இத்தாலி ஒரே நாடாகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஊரின் மீதான பாசத்தைத் தொன்மத்துக்குள் வைத்து அனுப்பும் கலை இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

67 என்ற எண் அப்போது வெறும் வரிசை எண். 66 அமெரிக்காவில் டட்டில் கண்டது, 68 ஜெர்மனியில் லூதர் கண்டது. மூன்றும் ஒரே மாதம். இன்றைக்கு எண் என்பது சான்றிதழ் மாதிரி. முதலில் தற்காலிகப் பெயர்தான் கிடைக்கும். பல வருஷம் பார்த்து, பாதை ஐயமில்லாமல் தெரிந்த பிறகே நிரந்தர எண் கொடுப்பார்கள். எண் கிடைத்த பிறகே பெயர் சூட்ட முடியும். பரிந்துரைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து வருஷம் உண்டு. 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அரசியல் தலைவர்கள், படைத்தலைவர்கள் பெயரென்றால் அவர்கள் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். இப்போது தெரிந்த சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல், பெயர் பெற்றவை அதில் மிகச் சிறிய பங்கு.

இந்த முறையில் பெயர் பெற்ற ஒன்றும் தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே கண்டுபிடிக்கப்பட்டது. 1885-ல் வேராவுக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் இந்தியாவிலிருந்து ஒரு புதிய சிறுகோளும் இல்லை. 1899-ல் வானியல் பணிகள் கொடைக்கானலுக்கு மாறி, கவனம் சூரியன் பக்கம் திரும்பிவிட்டது. பிறகு ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் வந்தது. அங்கே ராஜமோகனும் அவரது குழுவினரும் நடத்திய தேடலில், 1988 பிப்ரவரி 17 அன்று ஒன்று அகப்பட்டது. தற்காலிகப் பெயர் '1988 டிக்யூ1'. 'டி' என்றால் பிப்ரவரியின் இரண்டாம் பாதி, 'க்யூ1' என்றால் அந்தப் பாதி மாதத்தில் உலகம் முழுவதும் பதிவானவற்றில் நாற்பத்தொன்றாவது. பாதை உறுதியான பிறகு 4130 என்ற எண்ணும் ராமானுஜன் என்ற பெயரும் கிடைத்தன. கணித மேதையின் நூற்றாண்டு விழா முடிந்த சூடு ஆறாத நேரம் அது. தன் பெயரில் ஒரு கோள் சுற்றுவதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

போக்சன் முப்பது வருஷம் மெட்ராஸிலேயே இருந்து 1891-ல் இங்கேயே இறந்தார். அதே வருஷம் டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் வுல்ஃப் முதல்முறையாகப் புகைப்படத் தட்டின் வழியாக ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். நட்சத்திரங்கள் புள்ளியாகவும் சிறுகோள் சின்னக் கோடாகவும் தட்டில் விழுந்தன. அத்தோடு கண்ணையும் தாளையும் மட்டும் நம்பித் தேடிய காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. போக்சனுக்கு வெறும் புள்ளியாகத் தெரிந்த சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் இருப்பது 2001-லும் 2004-லும் தெரியவந்தது. ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலா இருப்பது தெரிந்தது அதுதான் முதல்முறை. கமில்லாவுக்கும் இரண்டு நிலா உண்டு. நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட ஐந்தில் இரண்டு, தனித்தனிக் குடும்பங்கள்.

ஆசியாவைப் பார்க்க இன்றைக்கு ஆப்சர்வேட்டரி தேவையில்லை. நான்கு அங்குலத் தொலைநோக்கி போதும். நகர வெளிச்சத்தை விட்டு ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போக முடிந்தால் இன்னும் நல்லது. அது இரவு முழுக்கத் தெரியும் பருவம் எது, எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதை வானியல் செயலிகள் சொல்லிவிடும். அந்த இடத்தில் தெரியும் புள்ளிகளை எல்லாம் ஒரு தாளில் பொறுமையாக வரைந்துகொள்ளுங்கள். எது ஆசியா என்று அன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தை மறுபடி வரையுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும்.